கடன் தவணைக்குப் பையனின் சம்பளமா?

கேள்வி: தேனி மாவட்டம் கூடலூரில் இருந்து எழுதுகிறேன். கேரளப் பக்கம் குமுளியில் ஒரு குடோனில் ஏலக்காய் தரம் பிரிக்கப் போகிறேன். மாதம் 9,000 ரூபாய் வரும். மகளிர் உரிமைத் தொகை 1,000 வருகிறது. வீட்டுக்காரர் ஜீப்பில் கேரள எஸ்டேட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். ஆறு மாதமாக டிஸ்க் விலகி வீட்டில் இருக்கிறார். ஒரு வருடத்துக்குப் பாரமே தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மைக்ரோ ஃபைனான்ஸ் குழுக் கடன் இரண்டு இருக்கிறது. ஒன்றுக்கு மாதம் 2,450, இன்னொன்றுக்கு 1,950. சின்னக் கடனில் இன்னும் ஒன்பது தவணை பாக்கி. வைத்தியத்துக்காக மூன்று பவுன் சங்கிலியைத் தனியார் ஃபைனான்ஸில் 60,000 ரூபாய்க்கு அடகு வைத்தோம். நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி.

என் மகனுக்கு 16 வயது. அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கிறான், ஆறாம் வகுப்பில் இருந்தே அங்கேதான். குமுளியில் சிப்ஸ், மசாலாப் பொருள் விற்கும் கடையில் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். தினமும் பள்ளி விட்டபின் மாலை ஐந்தரையில் இருந்து ஒன்பதரை வரை. சனி, ஞாயிறு காலை ஒன்பதில் இருந்து இரவு ஏழு வரை. மாதம் 9,000 சம்பளம். போய்வர ஸ்கூட்டரும் தருகிறேன் என்கிறார் கடைக்காரர். கார்த்திகை பிறந்துவிட்டால் ஐயப்ப பக்தர்கள் கூட்டம் வந்துவிடும், சீக்கிரம் சொல்லுங்கள் என்று அவசரப்படுத்துகிறார்.

தவணை வசூலிக்க வருகிறவர் வாசலில் நின்று சத்தம் போடுவதைப் பார்த்துவிட்டு, "நான் வேலைக்குப் போறேம்மா, தவணையை நான் கட்டிக்கிறேன்" என்கிறான். அனுப்பலாமா? அனுப்பினால் அவன் சம்பளத்தை எதில் போடுவது?

பதில்: சகோதரி, உங்கள் மகன் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்காக அவனை முதலில் கட்டிக்கொள்ளுங்கள். பதினாறு வயதில் வீட்டுக் கஷ்டத்தைத் தன் தோளில் வாங்கிக்கொள்ள நினைக்கிற பிள்ளை எல்லோருக்கும் அமைவதில்லை. அதனாலேயே இந்த விஷயத்தில் நாம் பெரியவர்கள் நிதானமாக இருக்க வேண்டும்.

தம்பி வேலைக்குப் போகலாம் என்பதே என் எண்ணம். ஆனால் கடைக்காரர் சொல்லும் இந்த வேலைக்கு வேண்டாம். இன்னொன்று, அவன் சம்பாதிக்கிற பணத்தில் ஒரு ரூபாய்கூடத் தவணைக்குப் போகக் கூடாது. இரண்டாவதுதான் இதில் முக்கியம்.

முதலில் கடைக்காரர் சொன்ன நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை தினம் நான்கு மணி நேரம், மொத்தம் 20. சனி, ஞாயிறு பத்துப் பத்து மணி நேரம், அது இன்னொரு 20. வாரத்துக்கு 40 மணி நேரம் வருகிறது. தம்பி பள்ளியில் உட்காருவதே வாரத்துக்கு ஏறக்குறைய 35 மணி நேரம்தான். பள்ளியைவிடக் கடையில் அதிக நேரம் இருக்கப் போகிறான் என்றால் அதைப் பகுதிநேர வேலை என்று எப்படிச் சொல்வது? இதோடு லோயர் கேம்ப் வழியாக மலை ஏறி இறங்க தினம் ஒரு மணி நேரமாவது ஆகும். பஸ், டீ, ராத்திரி டிபன் என்று நாளைக்கு 70 ரூபாய் வைத்தால் மாதம் 2,100 போய்விடும். கையில் நிற்பது 6,900. அதை அவன் கடைக்கும் வழிக்கும் கொடுக்கிற மாதம் 200 மணி நேரத்தால் வகுத்தால் ஒரு மணிக்கு 34 ரூபாய் வருகிறது. இரவு பத்தரைக்கு வீடு திரும்பும் பையன் எப்போது கெமிஸ்ட்ரி புத்தகத்தைத் திறப்பான்? சீசன் உச்சத்தில் இருக்கும் டிசம்பரில்தான் அவனுக்கு அரையாண்டுத் தேர்வும் வரும்.

அடுத்து சட்டம். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-ல் வந்தது, 2016-ல் திருத்தினார்கள். மத்திய அரசுச் சட்டம் என்பதால் கூடலூருக்கும் குமுளிக்கும் ஒன்றுதான். 14 முதல் 18 வயதுக்குள் இருப்பவர்கள் சுரங்கம், வெடிபொருள், ஆபத்தான தொழில்கள் தவிர மற்ற வேலைகளுக்குப் போகலாம். ஆனால் அதற்குக் கணக்கு இருக்கிறது. தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, நடுவில் ஒரு மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும். ஓய்வையும் சேர்த்து ஒரு நாளில் ஆறு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. இரவு ஏழு மணிக்கு மேல், காலை எட்டு மணிக்கு முன் வேலையே கிடையாது. ஓவர்டைம் கிடையாது. வாரத்தில் ஒரு முழு நாள் விடுமுறை கட்டாயம். கடைக்காரர் அவன் பெயர், பிறந்த தேதி, வேலை நேரம் எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். உங்களிடம் சொன்ன நேரம் இதற்கு ஒத்துவரவில்லை.

ஸ்கூட்டரைத் தொடவே வேண்டாம். 16 வயதில் ஓட்ட அனுமதி உள்ளது 50 சிசிக்குள் இருக்கும் கியர் இல்லாத வண்டி மட்டும்தான். இன்று கடைகளில் நிற்கிற பெட்ரோல் ஸ்கூட்டர்கள் எல்லாம் அதைவிடப் பெரியவை. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி 18 வயது ஆகாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் ஆனால் பெற்றோர் அல்லது வண்டியின் சொந்தக்காரர்தான் பொறுப்பு. 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும் உண்டு. வண்டியின் பதிவை ஒரு வருடத்துக்கு ரத்து செய்வார்கள், பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. பணக் கணக்கை விடுங்கள். ஐயப்ப சீசனில் வெளியூர் வேன்களும் பஸ்களும் இறங்கும் அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில், இரவில், நாள் முழுக்கப் படித்துக் களைத்த பிள்ளை. நினைக்கவே பயமாக இருக்கிறது.

இப்போது நான் முக்கியம் என்று சொன்னதற்கு வருகிறேன். பிளஸ் ஒன் படிக்கும்போது நானும் வேலைக்குப் போனவன்தான். போடியில் ஒரு ஏலக்காய்க் கடை, சனிக்கிழமை மட்டும். தரையில் விரித்த தார்பாயில் காய் மலைபோலக் கிடக்கும். வாய் பிளந்தது, நிறம் வெளுத்தது எல்லாம் அக்காமார் பொறுக்கித் தள்ளிவிட்டதும், நல்ல காயைச் சின்னத் தராசில் ஐம்பது ஐம்பது கிராமாக நிறுத்துப் பாலிதீன் கவரில் போட்டு, மெழுகுவர்த்திச் சுடரில் வாயை ஒட்ட வேண்டும். சுடருக்குக் கொஞ்சம் கிட்டே போனால் கவர் ஓட்டையாகும், தள்ளிப் பிடித்தால் ஒட்டாது. ஒட்டாத பாக்கெட்டை முதலாளி ஒன்றும் சொல்லாமல் என் பக்கமே தள்ளி வைப்பார். திரும்ப ஒட்டுவேன். ஞாயிறு முழுக்க விரலில் ஏலக்காய் வாசம் இருக்கும். எடை என்றால் என்ன, ஒரு கிலோவில் இரண்டு கிராம் குறைந்தால் வியாபாரிக்கு என்ன ஆகும், வாடிக்கையாளரிடம் எப்படிப் பேசுவது என்பதெல்லாம் அங்கே கற்றதுதான். இன்று நான் கணக்குப் பார்க்கும் வேலையில் இருப்பதற்கு அந்தத் தராசும் ஒரு காரணம்.

அதே கடைக்கு என் வகுப்புத் தோழன் ஒருவன் தினமும் சாயங்காலம் வந்தான். என்னைவிடக் கெட்டிக்காரன், கணக்கில் எப்போதும் முதலில் நிற்பான். அவன் சம்பளம் நேராக வீட்டுக்குப் போனது. முதல் நான்கைந்து மாதம் பழைய கடன் அடைந்தது. அப்புறம் அந்தச் சம்பளம் மாதாமாதம் வரும் என்ற நம்பிக்கையில் வீட்டில் புதிதாக ஒரு கடன் வாங்கினார்கள். வீட்டுக்கு ஓடு மாற்றத்தான் வாங்கினார்கள், வீண் செலவு என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தவணை அவன் தலையில் ஏறியது. பிளஸ் டூ தேர்வுக்கு ஒரு மாதம் லீவு எடுத்தால் தவணை நின்றுபோகும் என்ற நிலை. அவன் லீவு எடுக்கவில்லை, தேர்வும் எழுதவில்லை. அவன் அம்மா என் அம்மாவிடம் அழுததை நான் திண்ணையில் இருந்து கேட்டேன். "அவனை நாங்க நிப்பாட்டலையே, எப்படி நின்னான்னே தெரியலையே" என்றார். இத்தனை வருடத்தில் இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் எத்தனையோ வீடுகளின் கணக்கைப் பார்த்துவிட்டேன். பிள்ளை படிப்பை விட்ட வீடுகளில் பெரும்பாலும் இப்படித்தான் நடந்திருக்கிறது. யாரும் அவனைப் போகச் சொல்வதில்லை. அவன் சம்பளத்தை நம்பி ஒரு தவணை நின்றுகொண்டிருக்கும், அதனால் அவன் திரும்ப முடியாமல் போகும்.

எனவே கடனை உங்கள் பக்கத்திலேயே வைத்து முடிப்போம். வழி இருக்கிறது.

இப்போது உங்கள் வரவு 10,000. இரண்டு குழுக் கடனுக்கும் சேர்த்து 4,400, அடகு வட்டி 1,200, ஆக மாதம் 5,600 கடனுக்கே போகிறது. சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் 4,400-தான் மிச்சம். நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரிகிறது. ரேஷன் அரிசி இல்லாவிட்டால் முடியாது.

முதலில் அந்தச் சங்கிலி. நூற்றுக்கு இரண்டு ரூபாய் என்றால் வருடத்துக்கு 24 சதவீதம். வருடம் 14,400 ரூபாய் வட்டி மட்டுமே கட்டுகிறீர்கள், அசல் அப்படியே நிற்கிறது. ஒரு பவுன் விலை 60,000 ரூபாயைத் தாண்டியது 2025 ஜனவரியில். அதன்பின் வெகுவாக ஏறிவிட்டது. அதாவது மூன்று பவுனை அடமானத்தில் பூட்டி வைத்துக்கொண்டு, ஒரு பவுனின் விலைக்கும் குறைந்த கடனுக்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். சங்கிலியை மீட்டு விற்றுவிடுங்கள். ஒரு பவுன் பணத்தில் 60,000 கடன் முடியும். மீதிக்கு இரண்டு பவுனில் வேறு சங்கிலி வாங்கிக்கொள்ளலாம். செய்கூலி, சேதாரம் போகும் என்பது உண்மைதான். அதனால் உடனே வாங்காமல் பணமாகவே வங்கியில் போட்டு வைத்தாலும் நல்லது. மீட்கக் கையில் ரொக்கம் வேண்டுமே என்பீர்கள். நம்பிக்கையான உறவுக்காரர் ஒருவரிடம் ஒரே நாளுக்குக் கைமாற்று வாங்குங்கள். காலையில் மீட்டு, எடை போட்டு, அன்றே விற்று, சாயங்காலம் திருப்பிக் கொடுத்துவிடலாம். விற்கும் முன் இரண்டு கடைகளிலாவது எடையையும் விலையையும் கேளுங்கள்.

தாலியோடு போட்ட சங்கிலியாக இருந்தால் இதைக் கேட்கவே உங்களுக்கு மனசு வலிக்கும். எனக்கும் எழுதக் கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன். நகை பிறகு சேரும். பிள்ளையின் பிளஸ் டூ ஒரு தடவைதான் வரும். ஒரேயடியாக விற்க மனம் வராவிட்டால், குறைந்தபட்சம் அடகை வங்கிக்கோ கூட்டுறவு சங்கத்துக்கோ மாற்றுங்கள். அங்கே நகைக்கடன் வட்டி நீங்கள் இப்போது கட்டுவதில் பாதிக்கும் குறைவாகவே இருக்கும்.

சங்கிலி விற்ற பணத்திலேயே சின்னக் குழுக் கடனையும் முடித்துவிடுங்கள். ஒன்பது தவணை, 1,950 வீதம் 17,550 ரூபாய். முன்கூட்டியே கட்டுவதால் வரப்போகிற வட்டி கழியும், அதனால் இதைவிடக் குறைவாகவே கேட்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2022-ம் வருட விதிப்படி மைக்ரோ ஃபைனான்ஸ் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் போடக் கூடாது. அப்படிப் போட்டால் எழுத்தில் கேளுங்கள். இரண்டும் முடிந்தால் மாதம் 5,600 கட்டிய இடத்தில் 2,450 மட்டும் மிஞ்சும். தம்பி ஒரு மணி நேரம்கூட வேலை செய்யாமலே வீட்டுக்கு மாதம் 3,150 ரூபாய் மிச்சம்.

வாசலில் நின்று சத்தம் போடுகிறவர் விஷயத்துக்கும் அதே விதியில் பதில் இருக்கிறது. காலை ஒன்பது மணிக்கு முன்னும் மாலை ஆறு மணிக்குப் பின்னும் வசூலுக்கு வரக் கூடாது. மிரட்டவோ அக்கம்பக்கம் கேட்க அவமானப்படுத்தவோ கூடாது. உங்கள் கடன் அட்டையிலேயே புகார் சொல்லும் எண் அச்சிட்டிருக்கும். அதில் கூப்பிட்டுத் தேதி, நேரத்தோடு சொல்லுங்கள். குடும்ப வருமானத்தில் பாதிக்கு மேல் கடன் தவணைக்குப் போகும்படி கடன் கொடுக்கவும் கூடாது என்று அந்த விதி சொல்கிறது. ஆகவே இதை அடைக்கப் புதுக் குழுவில் சேரச் சொல்லி யாராவது வந்தால் தலையாட்டிவிடாதீர்கள்.

அடுத்தது உங்கள் வீட்டுக்காரர். பாரம் தூக்க முடியாது என்று டாக்டர் சொன்னார், உட்கார்ந்து வேலை செய்யக் கூடாது என்று சொல்லவில்லையே? அந்தச் சிப்ஸ் கடைக்குச் சீசனில் சாயங்காலம் ஆள் தேவை என்பது நிஜம். கல்லாவில் உட்காரவும், எடை போட்டுப் பாக்கெட் கொடுக்கவும் பெரியவர் ஒருவரால் முடியும். எஸ்டேட்டுக்குப் போனவர் என்பதால் மலையாளமும் பேசுவார். தம்பிக்குத் தருகிறேன் என்ற 9,000-த்தை இவருக்குக் கேளுங்கள். ஏழு மணிக்கு மேல் நிற்க இவருக்குச் சட்டத்தில் தடையில்லை. நெடுநேரம் உட்காரலாமா, நடுவில் எத்தனை முறை எழுந்து நடக்க வேண்டும் என்று மட்டும் முதலில் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். ஆறு மாதம் வீட்டில் படுத்துக் கிடக்கும் ஆணின் மனசு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். இது அவருக்கும் மருந்து.

சரி, தம்பிக்கு என்ன? சனிக்கிழமை மட்டும் போகட்டும். காலை பத்து மணி முதல் மாலை நான்கு வரை, நடுவில் ஒரு மணி நேரம் சாப்பாட்டு ஓய்வோடு. பில் போடுவது, பாக்கெட் கட்டுவது, வெளியூர்க்காரர்களிடம் பேசி விற்பது எல்லாம் கற்றுக்கொள்ளட்டும். கொதிக்கும் எண்ணெய்ச் சட்டிப் பக்கம் நிறுத்தக் கூடாது என்று முன்பே சொல்லிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை அவனுடையது, தூங்கட்டும், கிரிக்கெட் விளையாடட்டும், படிக்கட்டும். தேர்வு நெருங்கும் மூன்று வாரம் கடை கிடையாது, சீசனாக இருந்தாலும் சரி. கோடை விடுமுறையில் வாரம் ஆறு நாள் போகலாம், அதே ஆறு மணி நேரக் கணக்கில். பிளஸ் டூ அரையாண்டுத் தேர்வோடு வேலையை நிறுத்திவிட வேண்டும். அதன்பின் மார்ச் வரை புத்தகம் மட்டும்தான்.

அந்தப் பணத்துக்கு அவன் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்குங்கள். பத்து வயது முடிந்த பிள்ளைகள் தாங்களே சேமிப்புக் கணக்கை இயக்க வங்கிகள் அனுமதிக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2025-ல் மறுபடி தெளிவாகச் சொல்லியிருக்கிறது. எவ்வளவு வரை என்பதை அந்தந்த வங்கி முடிவு செய்யும். கடைக்காரர் கூலியை அந்தக் கணக்கில்தான் போட வேண்டும், உங்கள் ஜிபேயில் வேண்டாம். உங்கள் கைக்கு வந்தால் ஏதாவது ஒரு அவசரம் அதைச் சாப்பிட்டுவிடும். எந்த அம்மா கைக்கு வந்தாலும் அதுதான் நடக்கும்.

சனிக்கிழமைக்கு 450 கிடைத்தால் மாதம் 1,800. முந்நூறை அவன் செலவுக்கு விட்டுவிட்டு 1,500-க்கு ஒரு வருட ஆர்.டி., அதாவது மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு, போடட்டும். தபால் நிலைய ஆர்.டி. நல்லதுதான், ஆனால் அது ஐந்து வருடம். தம்பிக்குப் பணம் கல்லூரி சேரும்போது வேண்டும், அதனால் வங்கி ஆர்.டி.யே போதும். தேர்வு மாதங்களில் விடுபடும் சனிக்கிழமைகளைக் கோடை விடுமுறைக் கூலியில் ஈடுகட்டலாம். கல்லூரி வாசலில் நிற்கும்போது அவன் கையில் 25,000 ரூபாய்க்கு மேல் இருக்கும். முதல் வருடத் துணிமணி, புத்தகம், விடுதி முன்பணம் எல்லாவற்றையும் அவனே கொடுப்பான். வரியைப் பற்றிப் பயம் வேண்டாம். பிள்ளை உடலுழைப்பிலும் திறமையிலும் சம்பாதித்தது அவன் வருமானம்தான், பெற்றோர் வருமானத்தோடு சேராது. அதற்கு வரும் வட்டி மட்டும் சேரும், உங்கள் அளவுக்கு அதனால் வரி எதுவும் வராது.

அப்புறம், அவன் படிப்பை முடித்தால் என்ன வரும் என்பதையும் எழுதிப் பாருங்கள். ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வி சேரும் மாணவனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவன் கணக்குக்கே வருகிறது. 2024 ஆகஸ்டில் தொடங்கியது. இன்ஜினீயரிங் மாதிரித் தொழிற்படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இட ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. நீங்கள் தமிழ்நாட்டுப் பக்கம் இருப்பதால் கிடைக்கிற உரிமை இது. கேரளத்தில் பீர்மேடு, தேவிகுளம் பக்கம் இருந்து எனக்கு எழுதும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது கிடையாது. இந்தச் சலுகைக்கு எல்லாம் அவன் பிளஸ் டூ முடிக்க வேண்டும் என்பதுதான் முதல் நிபந்தனை.

தம்பியிடம் "வேண்டாம்" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். அவன் மனசு உடைந்துபோகும். இந்தப் பதிலை அவனையே வாசிக்கச் சொல்லுங்கள். கடன் கணக்கை ஒரு நோட்டில் அவனை எழுதச் சொல்லுங்கள். எந்தத் தேதியில் எது முடிகிறது என்று அவன் கையாலேயே குறிக்கட்டும். வீட்டுக்கு உதவ வேண்டும் என்ற அவன் ஆசைக்கு அது சரியான இடம்.

கடைக்காரரிடம் பேசப் போகும்போது வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள். சங்கிலியை மீட்கும் முன், ஃபைனான்ஸில் இன்றைய தேதி வரை அசல், வட்டி எவ்வளவு என்று எழுதி வாங்கி, அதையும் இரண்டு குழுக் கடன் அட்டைகளையும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். பாக்கித் தொகை சரியா என்று பார்த்துச் சொல்கிறேன்.